எல்லைச் சாவடியில் நின்ற டிராக்டர்களும் ஏழு வயது நினைவும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உங்கள் கணவர் ஆஸ்திரியாவின் வடக்கே, செக் எல்லையை ஒட்டிய ம்யூல்ஃபியர்ட்டல் பகுதியில் 1993-இல் பிறந்தவர். அணு உலையை எதிர்த்து எல்லைச் சாவடியில் நடந்த மறியலுக்கு ஏழு வயதில் அம்மா கூட்டிப்போனதாகச் சொல்கிறார். வரிசையாக நின்ற டிராக்டர்கள், சிரிக்கும் சூரியன் வரைந்த மஞ்சள் கொடி, கையைச் சுட்ட இனிப்புப் பானம், உண்டியலில் போடச் சொல்லி அம்மா கொடுத்த பூப் பொறித்த மஞ்சள் நாணயம், துப்பாக்கியோடு நின்ற ராணுவ வீரர்கள், தொலைவில் உலைக் கோபுரங்களிலிருந்து எழுந்த வெண்புகை, லாரியிலிருந்து குதித்துக் கத்திய ஓட்டுநர் என்று எல்லாம் நினைவிருக்கிறதாம். உங்கள் மாமியாரோ, ஒரே ஒரு பிற்பகல்தான் போனோம், ராணுவமும் இல்லை, புகையும் இல்லை, யாரும் கத்தவும் இல்லை என்று சாதிக்கிறார். மகளுக்காக எழுதி வைக்க நினைக்கிறீர்கள். எதை எழுதுவது என்று கேட்கிறீர்கள். அது எந்தப் போராட்டம் என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் இணையத்தில் தேடினாலே கிடைத்துவிடும். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இருவரில் யாரை நம்புவது என்பதை. மாமியாரும் மருமகளும் இருக்கும் இடத்தில் மூன்றாம் மனிதர் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

வாய்மொழி வரலாறு பதிவு செய்வது என் தொழில். வியன்னாவில் படித்த காலத்தில் அந்த எல்லையோரக் கிராமங்களில் பலருடைய சமையலறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் இரும்புத்திரைக் காலத்து வேலியைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். பேச்சு தானாக அணு உலைக்குப் போய்விடும். அதனால் இந்த விஷயத்தின் வரலாற்றுப் பக்கம் எனக்கு ஓரளவு பழக்கம். நினைவு பற்றிய உளவியலில் நான் ஆய்வாளன் அல்லன். என் வேலைக்குத் தேவையான அளவு கற்றவன். உங்கள் கணவரோடு நேரில் பேசாமல் அவருடைய நினைவுக்கு நான் சான்றிதழ் தர முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் பார்ப்போம். தென் பொஹீமியாவில் டெமெலின் என்ற இடத்தில் செக்கோஸ்லோவாக்கியா 1987-இல் அணுமின் நிலையம் கட்டத் தொடங்கியது. நான்கு உலைகள் என்று திட்டமிட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு இரண்டாகக் குறைத்தார்கள். உலை சோவியத் வடிவமைப்பு. கட்டுப்பாட்டுக் கருவிகள் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துடையவை. இந்தக் கலப்பு மணம் சரிவருமா என்பது ஆஸ்திரியர்களின் கவலைகளில் ஒன்று. உயர் அழுத்த நீராவிக் குழாய்கள் நெருக்கமாகச் செல்லும் அமைப்பைப் பற்றியும் நிபுணர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆஸ்திரிய எல்லையிலிருந்து நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முதல் உலையில் 2000 அக்டோபர் இரண்டாம் வாரத்தில் தொடர்வினை தொடங்கியது. டிசம்பர் 21 அன்று அது மின்கட்டமைப்பில் இணைந்தது. அதற்கு முந்தைய வாரங்களில், செப்டம்பரிலும் அக்டோபரிலும், ம்யூல்ஃபியர்ட்டல் அடங்கிய மேல் ஆஸ்திரியா மாநிலத்தின் அணு எதிர்ப்பாளர்கள் எல்லைக் கடவைகளை மறித்தார்கள். அதில் முக்கியமான இடம் லின்ஸ் நகரிலிருந்து செஸ்கே புடெயோவிட்சே செல்லும் ஈ55 சாலையில் உள்ள வுல்லோவிட்ஸ். அந்தப் பக்கத்துச் செக் கிராமம் டோல்னி ட்வோர்ஷிஷ்டே. ம்யூல்ஃபியர்ட்டல் குடும்பம் ஒன்று சிறுவனோடு மறியலுக்குப் போனது என்றால் அது வுல்லோவிட்ஸாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

2007-இலும் அங்கே மறியல்கள் நடந்தன. ஆனால் அப்போது உங்கள் கணவருக்குப் பதினான்கு வயது. அந்த வயதுப் பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உண்டியலில் காசு போட்டிருக்க மாட்டான். நாணயம் இன்னும் உறுதியான சாட்சி. ஆஸ்திரியாவின் பழைய ஒரு ஷில்லிங் நாணயம் பொன்னிறமானது. அதில் எடெல்வைஸ் மலர் இருக்கும். யூரோ வந்த பிறகும் ஆஸ்திரியாவின் இரண்டு சென்ட் நாணயத்தில் அதே மலர் உண்டு, ஆனால் அது செம்பு நிறம், அளவிலும் சிறியது. அவர் மஞ்சள் என்று உறுதியாகச் சொன்னால் 2002 பிப்ரவரிக்கு முந்தைய நிகழ்ச்சி என்று கொள்ளலாம், ஏனென்றால் அந்த மாத இறுதியோடு ஷில்லிங் புழக்கத்திலிருந்து போய்விட்டது. நிற நினைவு பிசகக்கூடியதுதான். ஆனாலும் இப்படிப்பட்ட சில்லறை விவரங்களைத்தான் நான் அதிகம் நம்புவேன். போராட்டக் கதையை யார் சொன்னாலும் டிராக்டர் வரும், கொடி வரும். உண்டியல் காசில் என்ன பூ இருந்தது என்பதைப் பையனுக்கு யாரும் பிறகு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சிரிக்கும் சூரியனிலும் பிசகில்லை. அது டென்மார்க்கின் அன்னே லுண்ட் 1975-இல் வரைந்த சின்னம். ஐரோப்பாவின் அணு எதிர்ப்புக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் பறந்தது. ஆனால் எங்கும் இருக்கும் பொருள் எதையும் நிரூபிக்காது. காரின் பின்கண்ணாடியில், பள்ளிப் பையில், பக்கத்து வீட்டுக் கதவில் அவர் அதைப் பார்த்திருப்பார். மறியலில் கொடி இருந்தது என்பது உண்மை. அவர் நினைவில் இருக்கும் கொடி அந்த மறியலில் பார்த்ததுதானா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

டிராக்டரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்தப் பாகம் நினைவில் இருக்கிறது? நான் பதிவு செய்தவர்களில் சிறுவயதில் அங்கே நின்றவர்கள் ஓட்டியவரின் முகத்தைச் சொன்னதே இல்லை. பின்சக்கரத்தைச் சொன்னார்கள். டயரின் ஆழமான பள்ளங்களில் மண் காய்ந்து ஒட்டியிருந்ததையும், அதை விரலால் நோண்டி எடுத்ததையும், நோண்டாதே என்று யாரோ அதட்டியதையும் சொன்னார்கள். ஒரு பெண் அதைச் சொல்லும்போது கையைத் தன் இடுப்புக்கும் கீழே கொண்டுபோய் காற்றில் நோண்டிக் காட்டினார். ஏழு வயதுப் பிள்ளையின் கை போகும் உயரம் அது. பிற்காலத்தில் செய்தித்தாள் படத்தைப் பார்த்து உருவான நினைவு மேலிருந்து, தூரத்திலிருந்து, வரிசை முழுவதையும் காட்டும். அவர் தன்னையே வெளியிலிருந்து, ஒரு சின்னப் பையன் நிற்பதுபோலப் பார்த்தால் சற்றே எச்சரிக்கையாக இருங்கள். இதை விதியாகக் கொள்ள முடியாது; அசலான நினைவும் ஆண்டுகள் போகப்போக வெளியிலிருந்து பார்ப்பதுபோல மாறிவிடுவது உண்டு. எனக்கு இது ஒரு தடயம் மட்டுமே.

இனி வெண்புகை. இதில் உங்கள் மாமியார் பக்கம் நிற்கிறேன், காரணம் இயற்பியல். டெமெலினில் நான்கு குளிர்விப்புக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 155 மீட்டர் உயரம். அவற்றிலிருந்து எழுவது புகையன்று, நீராவி. உலை வெப்பத்தை வெளியேற்றும்போதுதான் அது திரளாக எழும். மின்னுற்பத்தி தொடங்காத செப்டம்பரில் அப்படியொரு வெண்தூண் எழ வழியில்லை. அத்தோடு வுல்லோவிட்ஸ் சாவடியில் நின்று பார்த்தால் நடுவே மேடும் காடுமாக 60 கிலோமீட்டர். உயரமான மேடுகளிலிருந்து, குளிர்காலத்தின் தெளிந்த நாளில் அந்த நீராவி தெரியும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புடெயோவிட்சே போய்வந்தவர்கள் அதை இன்னும் பெரிதாகப் பார்த்திருப்பார்கள். உங்கள் கணவர் அதைப் பார்த்தது நிச்சயம் பொய்யல்ல. வேறொரு நாளில், ஒருவேளை சில ஆண்டுகள் கழித்து, காரில் போகும்போது பார்த்த காட்சி, ‘இதற்காகத்தான் அன்று நின்றோம்’ என்ற எண்ணத்தோடு சேர்ந்து மறியல் நாளுக்குள் குடிபுகுந்துவிட்டது என்பது என் ஊகம். காரணத்தையும் காட்சியையும் ஒரே சட்டகத்துக்குள் வைப்பது மனத்தின் பழக்கம்.

ராணுவ வீரர்கள் விஷயத்தில் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் கடவையில் ஆஸ்திரியத் தரப்பில் நின்றவர்கள் சுங்கக் காவலரும், அப்போது கிராமப்புறக் காவலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெண்டார்மெரியும். இரண்டுமே பிறகு கலைக்கப்பட்டுவிட்டன. ஜெண்டார்மெரி 2005-இல் காவல்துறையோடு இணைந்தது. இடுப்பில் துப்பாக்கியும் தலையில் தொப்பியும் இருந்தால் ஏழு வயதுப் பையனுக்கு எல்லோரும் ராணுவம்தான். இதில் இன்னொரு அடுக்கும் இருக்கலாம். 1989 டிசம்பரில் அறுக்கப்படும் வரை அந்த எல்லையில் முள்வேலியும் காவல்கோபுரமும் இருந்தன. ம்யூல்ஃபியர்ட்டலின் எந்தத் தாத்தாவும் பேரனுக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. தாத்தாவின் காவலர்கள் பேரனின் நினைவில் வந்து நிற்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அந்தக் காவலர்கள் மறியலைக் கலைக்காமல் ஏன் வேடிக்கை பார்த்தார்கள் என்று உங்கள் மகள் ஒருநாள் கேட்கலாம். ஆஸ்திரியாவில் முறையாக அறிவித்து நடத்தும் கூட்டத்துக்குச் சாலையும் இடமாகலாம். 1998-இல் ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குச் செல்லும் பிரென்னர் நெடுஞ்சாலையைச் சூழலியலாளர்கள் ஏறக்குறைய 30 மணி நேரம் மூடிவைத்ததற்கு எதிராக ஒரு போக்குவரத்து நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்த மறியலைத் தடை செய்யாமல் விட்டது தவறில்லை என்று 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மிச்சமிருப்பது லாரி ஓட்டுநர். இங்கே எனக்கு உங்கள் கணவர் மீது நம்பிக்கை அதிகம், ஆனால் அது நம்பிக்கை மட்டும்தான். மறியலைப் பற்றிய ஆஸ்திரியக் கதைகளில் சூடான பானமும் பாட்டும் பக்கத்துக் கிராமத்தார் கொண்டுவந்த ரொட்டியும் வரும். தடுப்புக்கு அந்தப் பக்கம் மணிக்கணக்கில் நின்றவர்கள் வருவதில்லை. சரக்கு லாரிகள் நீண்ட வரிசையில் நின்றன. அவர்களில் பலருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. எதற்கு நிற்கிறோம் என்று புரிந்திருந்தாலும் அது அவர்களுடைய சண்டையன்று. செக் மக்களில் பலருக்கு இது பணக்கார அண்டை நாடு தங்களுக்குப் பாடம் நடத்துவதாகப் பட்டது. அன்றைய செக் பிரதமர் மிலோஷ் ஸெமானும் வாயை அடக்கிப் பேசுகிறவர் அல்லர். தென் பொஹீமியாவிலேயே டெமெலினை எதிர்த்த தாய்மார் அமைப்பு ஒன்று இருந்தது. ஆஸ்திரிய மறியல்கள் வலுத்தபோது அவர்கள் தங்கள் ஊரிலேயே சங்கடத்துக்கு ஆளானார்கள். ஒரு ஓட்டுநர் இறங்கிக் கத்தியிருக்க முடியுமா? தாராளமாக. பெரியவர்கள் பேச்சில் மூழ்கியிருந்தபோது ஒரு சிறுவன் மட்டும் அதைக் கவனித்திருக்க முடியுமா? அதுவும் முடியும். அம்மாவுக்கு நினைவில்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. அவர் அன்று பத்து கஜம் தள்ளி வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்திருக்கலாம். பார்த்திருந்தாலும், பெருமையாக நினைக்கும் ஒரு நாளின் கணக்கில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு உண்மை என்று அளக்க முடியாது. இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று அமெரிக்க மாணவர்களிடம் உளவியலாளர் உல்ரிக் நைசரும் அவருடைய துணையாளரும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது பலர் முற்றிலும் வேறு கதையை, மிகுந்த உறுதியோடு எழுதினார்கள். தங்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. குழந்தை உளவியலில் பெரிய பெயரான ஜான் பியாஜே, இரண்டு வயதில் தன்னை ஒருவன் கடத்த முயன்றதையும் தாதி போராடித் தடுத்ததையும், அவள் முகத்தில் இருந்த கீறல்களையும் கண்ணால் கண்டதுபோல நினைவில் வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தத் தாதி, எல்லாம் தான் கட்டிய கதை என்று எழுதி, அதற்காகப் பெற்ற கைக்கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை பிள்ளையின் கண்ணுக்குள் படமாகிவிட்டது. ஏழு வயது என்பது இரண்டு வயது இல்லை. அந்த வயது நினைவுகளின் முதுகெலும்பு பொதுவாக நிற்கும். போனோம், குளிராக இருந்தது, நிறையப் பேர் இருந்தார்கள், பயமாக இருந்தது என்பவை நிற்கும். எத்தனை முறை போனோம், எந்த வரிசையில் நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பவை அவ்வளவாக நிற்காது. ஒரே ஒரு பிற்பகலா, பல நாட்களா என்ற தகராறில் அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சமையலையும் மாட்டுக் கொட்டகையையும் பார்த்துவிட்டுக் கிளம்பியவர் அவர்தான்.

உங்கள் கேள்வியில் மாமியார் ஏன் போனார் என்பது இல்லை. என்னைக் கேட்டால் கதையின் கனமான பகுதி அது. ஆஸ்திரியா ட்ஸ்வென்டென்டார்ஃபில் ஒரு அணுமின் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு, 1978 நவம்பர் 5 அன்று மக்களிடம் வாக்குக் கேட்டது, 50.47 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த உலை இன்றுவரை ஒரு யூனிட் மின்சாரமும் தயாரித்ததில்லை. எட்டு ஆண்டுகளுக்குள் செர்னோபில் வெடித்தது. 1986 ஏப்ரல் இறுதியிலும் மே முதல் நாட்களிலும் பெய்த மழை கதிரியக்கச் சீசியத்தைக் கொண்டுவந்து கொட்டிய இடங்களில் மேல் ஆஸ்திரியாவும் ஒன்று. மேற்கு ஐரோப்பாவில் மிக அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் ஆஸ்திரியா வந்தது. மணல்குழியில் விளையாட விடாதே, புல்லில் உட்காராதே, தோட்டத்துக் கீரையைச் சமைக்காதே, மாட்டைப் புதிய புல்லில் மேய விடாதே என்று ஒவ்வொரு நாளும் புதிய எச்சரிக்கை. பால்மாவுக்கு அலைந்த தாய்மார்களை நான் பதிவு செய்திருக்கிறேன். ஃபிரைஷ்டாட் வட்டாரத்தில் அணு அபாயத்துக்கு எதிரான தாய்மார்கள் என்றே ஓர் அமைப்பு உருவாயிற்று. டெமெலின் உலை செர்னோபில் வகையைச் சேர்ந்ததன்று. அழுத்த நீர் உலை, சுற்றிலும் காப்புக் கவசம் உண்டு. அந்த வேறுபாட்டை அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றார்கள். மழைக்கு அது தெரியாது என்றார் ஒருவர்.

மறியல்களால் என்ன கிடைத்தது என்பதில் நான் சற்றுக் கறாராகவே பேசுவேன். 2000 டிசம்பர் 12 அன்று ஆஸ்திரியாவின் மெல்க் மடாலயத்தில் அந்நாட்டின் சான்சலர் ஷூஸலும் ஸெமானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆபத்து நேர்ந்தால் உடனே தகவல் தருவது, பாதுகாப்பை மறுபடி ஆராய்வது என்று அது போயிற்று. 2001 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் அதைத் தொடர்ந்து இன்னொன்று. 2002 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சுதந்திரக் கட்சி டெமெலினை எதிர்த்து நடத்திய கையெழுத்து இயக்கத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். உலை நிற்கவில்லை, இரண்டாவதும் அந்த ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. செக் குடியரசு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பர் 21 முதல் வுல்லோவிட்ஸில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டிய தேவையும் போயிற்று. மறிப்பதற்குத் தடுப்புக்கட்டையே இல்லாமல் போனது என்று ஒரு பழைய போராளி என்னிடம் அலுத்துக்கொண்டார்.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். கூடங்குளத்தில் இயங்குபவையும் டெமெலினில் உள்ள அதே சோவியத் வடிவமைப்பான விவிஇஆர்-1000 குடும்பத்து உலைகள். 2011, 2012-இல் இடிந்தகரைப் பந்தலில் தாய்மார்களின் மடியிலும் பக்கத்திலும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் அங்கேயும் பல வீடுகளில் தொடங்கியிருக்கும். யாராவது இப்போதே பதிவு செய்தால் நல்லது.

எழுதும் முறையைப் பற்றி: இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள், ஒருவர் சொல்வது மற்றவருடைய நினைவாகிவிடும். முதலில் கணவரைத் தனியாக, குறுக்கிடாமல் சொல்ல விடுங்கள். ‘துப்பாக்கி இருந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘அங்கே யார் யார் நின்றார்கள்?’ என்று கேளுங்கள். பழைய படங்களையும் செய்தித்தாளையும் பதிவு முடிந்த பிறகே காட்டுங்கள். லின்ஸில் உள்ள மாநில நூலகத்தில் 2000 செப்டம்பர், அக்டோபர் மாத நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள்; எந்தெந்த நாளில் வுல்லோவிட்ஸ் மூடியிருந்தது என்பது அங்கே கிடைத்தால் மாமியாரின் அந்தப் பிற்பகலை ஓரிரு தேதிகளுக்குள் அடக்கிவிடலாம். இருவர் சொல்வதையும் கலந்து ஒரே கதையாக்காமல், யார் சொன்னது எது என்ற பெயரோடு அடுத்தடுத்து எழுதுங்கள். புகையையும் நீக்க வேண்டாம். அது எந்த ஆண்டில் எழத் தொடங்கியது என்ற ஒரு வரியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். மாமியாரிடம் பேசும்போது 2000-இலிருந்து தொடங்காமல் 1986 மே மாதத்திலிருந்து தொடங்குங்கள், கையில் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.